சக்கரத்தின் ஆட்டமும் பேரிங்கின் ஓசையும்
(ஜீப் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு ஒரு பாடம்)



நமது காட்கோபர், செம்பூர் பகுதித் தமிழ்க் குடும்பங்களில் ஜீப் வகை வண்டி வைத்திருப்போர் இன்று பலர். சிலர் தொழிலுக்காக வாங்கியிருக்கிறார்கள். சிலர் பிள்ளைகளின் ஆசைக்காகப் பழைய வண்டியை வாங்கிப் புதுப்பித்திருக்கிறார்கள். மே மாத விடுமுறை வந்தால் இந்த வண்டிகளில்தான் பாட்டி முதல் பேரன் வரை ஏறிக்கொண்டு, பூனா, கோலாப்பூர், ஹூப்ளி வழியாக ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் போகிறோம். அவ்வளவு தூரமும் நம் உயிரைத் தாங்குவது ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் இருக்கும், உள்ளங்கையில் அடங்கும் ஓர் இரும்பு வளையம். அதன் பெயர் பேரிங். அது கெடுவதற்கு முன் நமக்குப் பலமுறை சொல்லிவிட்டுத்தான் கெடும். அது சொல்வதைக் கேட்கத் தெரிய வேண்டும். அதற்குத்தான் இந்தப் பாடம்.

ரயில்வேயில் சக்கரம், அச்சு, பேரிங் ஆகியவற்றோடு என் பணிக்காலம் கழிந்தது. ரயில் சக்கரத்துக்கும் ஜீப் சக்கரத்துக்கும் அளவில்தான் வேற்றுமை. நோய்களும் அறிகுறிகளும் பெரும்பாலும் ஒன்றே.

மாட்டு வண்டியிலிருந்து தொடங்குவோம்

நம்மில் மூத்தவர்கள் மாட்டு வண்டியை அறிவார்கள். சக்கரத்தின் நடுவே குடம், குடத்துக்குள் அச்சு, சக்கரம் கழன்று போகாமல் தடுக்கக் கடையாணி. வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த வண்டி மையை அச்சில் தடவுவார்கள். மை காய்ந்தால் வண்டி கிறீச்சிடும். குடம் தேய்ந்தால் சக்கரம் ஆடிக்கொண்டே போகும். ஜீப்பிலும் இதே அமைப்புத்தான். குடத்தின் இடத்தில் ஹப், மையின் இடத்தில் கிரீஸ், கடையாணியின் இடத்தில் நட்டும் பூட்டு வாஷரும். அச்சுக்கும் குடத்துக்கும் நடுவே உருளைகள் கொண்ட பேரிங் வந்து சேர்ந்தது. கூம்பு வடிவ உருளைகள் கொண்ட பேரிங்குக்கு ஹென்றி டிம்கன் அமெரிக்காவில் 1898இல் காப்புரிமை பெற்றார். பழைய ஜீப்பின் ஒவ்வொரு முன் ஹப்பிலும் இந்த வகைப் பேரிங் இரண்டு, ஒன்றையொன்று எதிர்நோக்கி அமர்ந்திருக்கின்றன. மேலிருந்து வரும் பாரத்தையும், வளைவில் பக்கவாட்டில் வரும் அழுத்தத்தையும் இவை சேர்ந்து தாங்குகின்றன.

நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் முன் சக்கரங்களுக்கு வேலை இரட்டிப்பு. திரும்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். ஆகவே முன் அச்சின் உள்ளே டிஃபரன்ஷியலும், சக்கரத்தருகே வளைந்து சுழலும் மூட்டும், சக்கரத்தைத் திருப்பும் கிங் பின் பேரிங்குகளும் இருக்கின்றன. சாதாரணக் காரில் முன்பக்கம் ஓசை கேட்டால் சந்தேகப்பட வேண்டிய இடங்கள் சில. ஜீப்பில் பல. ஊகத்தில் பாகம் மாற்றினால் பணம் கரையுமே தவிர நோய் தீராது.

எங்கே, எப்போது, எந்த வேகத்தில்?

மருத்துவரிடம் போனால் வலி எங்கே, எப்போது, எதைச் செய்தால் கூடுகிறது என்று கேட்கிறார் அல்லவா? வண்டிக்கும் அதே கேள்விகள்தான். ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள்:

1. எந்த வேகத்தில் தொடங்குகிறது? எந்த வேகத்தில் மறைகிறது?
2. ஆக்சிலேட்டரை அழுத்தினால் கூடுகிறதா, விட்டால் கூடுகிறதா, இரண்டிலும் ஒரே மாதிரியா?
3. பிரேக் போட்டால் மாறுகிறதா?
4. இடம் திரும்பும்போது, வலம் திரும்பும்போது மாறுகிறதா?
5. சாலை மாறினால், அதாவது கான்கிரீட்டிலிருந்து தாருக்கு வந்தால், மாறுகிறதா?
6. கியரை நியூட்ரலுக்கு மாற்றி வண்டியை உருளவிட்டால் மாறுகிறதா? (ஆள் நடமாட்டமில்லாத சமதளச் சாலையில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். எஞ்சினை அணைக்கவே கூடாது.)

ஒரு சிறு கணக்கு

பள்ளிப் பிள்ளைகளும் போடக்கூடிய கணக்கு இது. டயரின் பக்கத்தில் 215/75 ஆர் 15 என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். டயரின் அகலம் 215 மி.மீ. பக்கச் சுவரின் உயரம் அதில் 75 சதவீதம், அதாவது 161 மி.மீ. ரிம்மின் விட்டம் 15 அங்குலம், அதாவது 381 மி.மீ. ஆக மொத்த விட்டம் ஏறத்தாழ 703 மி.மீ. சுற்றளவு சுமார் 2.2 மீட்டர். மணிக்கு 80 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 22.2 மீட்டர். எனவே சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 10 முறை சுழல்கிறது.

டிஃபரன்ஷியலின் பல் விகிதம் ஏறக்குறைய 4 என்றால், அதே வேகத்தில் புரொபெல்லர் ஷாஃப்ட் நொடிக்கு 40 முறை சுழலும். அதன் மூட்டில் உள்ள கிராஸ் தேய்ந்திருந்தால் ஒரு சுற்றுக்கு இரண்டு அதிர்வு வீதம் 80 அதிர்வுகள் எழும்.

இதன் பயன் என்ன? நொடிக்குப் பத்து என்பதைக் கை உணரும். ஸ்டியரிங் வீல் இடமும் வலமுமாக உதறும், இருக்கை குலுங்கும். நொடிக்கு நாற்பது, எண்பது என்பதைக் கையால் எண்ண முடியாது. அது தரையிலிருந்து பாதத்துக்கு ஏறும் ரீங்காரமாகவே தெரியும். ஆகவே உதறல் என்றால் சக்கரத்தையும், ரீங்காரம் என்றால் சுழலும் தண்டுகளையும் முதலில் சந்தேகிக்க வேண்டும். பட்டறைக்குப் போகும் முன்பே பாதி வழக்கு இந்தக் கணக்கில் தீர்ந்துவிடும்.

ஆட்டத்தின் வகைகள்

முதலில் சக்கர நட்டுகள். எல்லாவற்றுக்கும் முன்பாக இவற்றைப் பார்க்க வேண்டும். பஞ்சர் போட்ட பிறகு நட்டுகளைச் சரியாக முறுக்காமல் விட்டதால் வரும் ஆட்டம், பேரிங் கோளாறு போலவே தோன்றும். நட்சத்திர வடிவில், எதிரெதிர் நட்டாக முறுக்கி, 50 முதல் 100 கி.மீ. ஓடிய பின் மீண்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். சில பழைய ஜீப்களில் இடப்பக்கச் சக்கரத்தின் நட்டுகள் எதிர்த்திருகு கொண்டவை. அது தெரியாமல் பலத்தைக் காட்டி போல்ட்டை முறித்தவர்கள் உண்டு.

இரண்டாவது, சமநிலை இல்லாத சக்கரம். ஏறத்தாழ 80 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் உதறத் தொடங்கி, இன்னும் வேகம் கூடினால் குறைந்துவிடும். வீல் பேலன்சிங் செய்தால் தீரும். காட்டு வழி போய் வந்த ஜீப்பில் ரிம்மின் உட்புறம் அப்பிக் காய்ந்த சேறே இந்த உதறலைத் தரும். முதலில் கழுவிப் பாருங்கள். செலவில்லாத மருத்துவம்.

மூன்றாவது, கோணிய ரிம் அல்லது உள்ளே அடுக்கு பிரிந்த டயர். இது 20, 30 கி.மீ. போன்ற குறைந்த வேகத்திலேயே வண்டியைத் தாலாட்டும். டயரின் மேற்பரப்பைக் கையால் தடவினால் ஓரிடத்தில் வீக்கம் தென்படலாம். அடுக்கு பிரிந்த டயரோடு நெடுஞ்சாலையில் ஏறக் கூடாது. அது வெடிக்கும்.

நான்காவது, பிரேக் போடும்போது மட்டும் வரும் உதறல். இது டிஸ்க் அல்லது டிரம் கோணியதால் வருவது. பேரிங்கைக் குற்றம் சொல்வதற்கில்லை.

ஐந்தாவதுதான் அபாயமானது. முன்பக்கம் ஒரே கட்டையான அச்சு உள்ள வண்டிகளில், அதாவது பழைய வில்லிஸ், மஹிந்திரா ஜீப்புகள், 1985இல் வந்த மாருதி ஜிப்சி, 2023இல் இந்தியச் சந்தைக்கு வந்த ஜிம்னி போன்றவற்றில், அறுபது எழுபது கி.மீ. வேகத்தில் ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியதும் இரு முன் சக்கரங்களும் சேர்ந்து இடமும் வலமுமாக வெறி பிடித்தாற்போல் ஆடத் தொடங்கலாம். ஸ்டியரிங்கைக் கையில் பிடிக்க முடியாது. வேகத்தை நன்றாகக் குறைக்கும் வரை நிற்காது.

ரயிலிலும் இதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. நம் ரயில் சக்கரத்தின் ஓடுபரப்பு உருளையாக இராது. 20க்கு 1 என்ற சரிவில் கூம்பாகக் கடையப்பட்டிருக்கும். அந்தச் சரிவே வண்டியைத் தண்டவாளத்தின் நடுவில் வைத்திருக்கிறது. ஆனால் ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் சக்கரங்கள் இரு தண்டவாளங்களுக்கும் இடையே பாம்பு போல நெளியத் தொடங்கும். சக்கரம் தேயத் தேய அந்த நெளிவு இன்னும் குறைந்த வேகத்திலேயே தொடங்கும். வெளியிலிருந்து யாரும் ஆட்டவில்லை. வண்டியின் சொந்த ஓட்டமே ஆட்டத்துக்குத் தீனி போடுகிறது. எல்.எச்.பி. பெட்டிகளின் போகியில் இதை அடக்கவே தனி டாம்பர்கள் உள்ளன. ஜீப்பின் ஆட்டமும் இதே இனம். பள்ளம் அதைத் தொடங்கி வைக்கிறது. தளர்ந்த மூட்டுகள் அதை வளர்க்கின்றன.

எனவே தேட வேண்டியது தளர்ச்சியைத்தான். டை ராட் எண்டுகள், டிராக் லிங்க், கிங் பின் பேரிங், வீல் பேரிங், ஸ்பிரிங் கட்டை வில்லைகளின் புஷ், ஜிம்னி போன்ற காயில் ஸ்பிரிங் வண்டியில் அச்சை வண்டிச் சட்டத்தோடு குறுக்கே பிணைக்கும் தண்டின் புஷ் ஆகிய எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கிங் பின் பேரிங்கில் சிறு தளர்ச்சியும் இருக்கக் கூடாது. ஷிம் தகடுகளால் அதற்கு ஓர் இறுக்கம் கொடுத்திருப்பார்கள். அந்த இறுக்கமே ஆட்டத்தை அடக்கும் பிரேக். ஸ்டியரிங் டாம்பர் புதிதாகப் போட்டால் ஆட்டம் சில மாதம் மறையும். ஆனால் அது காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுவிட்டுக் காரணத்தைப் பார்க்காமல் விடுவது போன்றது.

இந்த ஆட்டம் ஓட்டத்தில் வந்துவிட்டால் பதற்றத்தில் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை விடுங்கள். வேகம் தானாகக் குறையட்டும். மெல்ல இடப்பக்கம் ஒதுங்கி நிறுத்துங்கள். மூட்டுகளைப் பார்க்காமல் குடும்பத்தோடு மேலே போகாதீர்கள்.

ஓசையின் வகைகள்

பேரிங் கெடும்போது எழும் ஓசை தொலைவில் ஆகாய விமானம் போவது போல "ம்ம்ம்" என்று தொடங்கும். வேகத்தோடு சுருதி ஏறும். கியரை மாற்றினாலும் கிளட்சை மிதித்தாலும் மாறாது. நாளாக ஆக அது கரகரப்பாகும். கடைசியில் கல்லை அரைப்பது போலாகும். அந்த நிலைக்கு விடக் கூடாது.

இதே போன்ற ஓசையை வேறு பலவும் தரும். பிரித்தறியும் வழி இது:

டயர் ஓசை சாலையோடு மாறும். கான்கிரீட்டில் ஒரு மாதிரி, புதுத் தாரில் ஒரு மாதிரி. சேற்று டயர்களுக்கு இது இயல்பு. முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றினால் ஓசையும் இடம் மாறும். பேரிங் ஓசை மாறாது.

டிஃபரன்ஷியல் ஓசை ஆக்சிலேட்டரோடு மாறும். அழுத்தினால் ஒரு ஊளை, விட்டால் வேறு ஊளை.

வளைந்து சுழலும் மூட்டு தேய்ந்தால் முழுக்கத் திருப்பி ஓட்டும்போது "டக் டக் டக்" என்று கேட்கும். நேரே போனால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

வீல் பேரிங் ஓசை வளைவோடு மாறும். இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலப்பக்கச் சக்கரங்களில் ஏறுகிறது. அப்போது ஓசை கூடினால் பெரும்பாலும் வலப்பக்கப் பேரிங்தான் நோயாளி. வலம் திரும்பும்போது கூடினால் இடப்பக்கம். ஆளில்லாத அகலமான சாலையில், 40 கி.மீ. வேகத்தில், மென்மையாக வளைத்துப் பார்த்தால் போதும்.

நான்கு சக்கர இயக்கத்துக்கே உரிய ஒரு பொய்யான அறிகுறியும் உண்டு. காய்ந்த தார்ச் சாலையில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டபடியே ஓட்டினால், வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டியிருப்பதால் இயக்கத் தொடர் முழுதும் முறுக்கேறும். டயர் தேய்த்துக்கொண்டு குதிக்கும், ஸ்டியரிங் கனக்கும். அது பழுதல்ல, பழக்கப் பிழை. மழை, சேறு, மணல் தவிர மற்ற இடங்களில் இரு சக்கர இயக்கத்தில்தான் ஓட்ட வேண்டும். எப்போதும் நான்கு சக்கரமும் இயங்கும்படியே வடிவமைத்த வண்டிகளுக்கு மட்டும் இது பொருந்தாது.

பழைய ஜீப்பில் முன் ஹப்பின் முகத்தில் கையால் திருப்பும் வில்லை ஒன்று இருக்கும். அதைத் "திறந்த" நிலையில் வைத்தால் சக்கரம் மட்டும் சுழலும். உள்ளே அச்சுத் தண்டும், முன் டிஃபரன்ஷியலும், முன் புரொபெல்லர் ஷாஃப்டும் அசையாமல் நிற்கும். "பூட்டிய" நிலையில் எல்லாம் சேர்ந்து சுழலும். இரு சக்கர இயக்கத்தில் ஒருமுறை திறந்தும் ஒருமுறை பூட்டியும் அதே சாலையில் ஓட்டுங்கள். திறந்தால் ஓசை மறைகிறது என்றால் குற்றவாளி டிஃபரன்ஷியல் பக்கம். இரண்டிலும் ஒரே ஓசை என்றால் சந்தேகம் வீல் பேரிங், டயர் மேல். ஒரு ரூபாய் செலவில்லாத சோதனை இது.

ஜாக்கி சோதனை

முதலில் பாதுகாப்பு. பல பழைய ஜீப்களில் கைப்பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது, புரொபெல்லர் ஷாஃப்டைத்தான் பிடிக்கும். ஒரு பின் சக்கரத்தைத் தூக்கிவிட்டால் டிஃபரன்ஷியலின் தயவால் தரையில் இருக்கும் மற்றச் சக்கரம் தாராளமாக உருளும். கைப்பிரேக்கும் பயனில்லை, கியரில் போட்டு நிறுத்தியிருந்தாலும் பயனில்லை. வண்டி ஜாக்கியிலிருந்து சாயும். எனவே சமதளத்தில் நிறுத்தி, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைத்து, அச்சின் கீழ் ஸ்டாண்டு கொடுத்த பிறகே கை வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்கவே கூடாது. ஒரு சக்கரம் தூக்கிய நிலையில் எஞ்சினைப் போட்டு நான்கு சக்கர இயக்கத்தில் சுழற்றிப் பார்ப்பதும் கூடாது. தரையில் உள்ள சக்கரம் வண்டியை இழுத்துக்கொண்டு போய்விடும்.

இனிச் சோதனை. சக்கரத்தைக் கடிகாரமாக எண்ணுங்கள். 12, 6 என்ற இடங்களைப் பிடித்து உள்ளும் புறமும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் வீட்டாரில் ஒருவரைப் பிரேக்கை மிதித்துக்கொள்ளச் சொல்லி மீண்டும் அசையுங்கள். ஆட்டம் மறைந்தால் அது வீல் பேரிங். மறையாவிட்டால் கிங் பின் அல்லது பால் ஜாயிண்ட். பிறகு 9, 3 என்ற இடங்களைப் பிடித்து அசையுங்கள். அங்கு மட்டும் ஆட்டம் என்றால் டை ராட் எண்டு போன்ற ஸ்டியரிங் மூட்டுகள்.

அடுத்து, ஹப்பைத் திறந்த நிலையில் வைத்து, ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றி மறு கையை ஸ்பிரிங் மேல் வையுங்கள். நல்ல பேரிங் வழவழவென்று சுழலும். கெட்ட பேரிங்கின் கரகரப்பைச் செவிக்கு முன் விரல்கள் அறியும்.

இன்னொன்று வெப்பம். இருபது கிலோமீட்டர், பிரேக்கை அதிகம் உபயோகிக்காமல் ஓட்டி நிறுத்தி, இடது ஹப்பையும் வலது ஹப்பையும் ஒப்பிடுங்கள். புறங்கையை அருகே கொண்டு போய்ப் பாருங்கள், சட்டென்று தொட வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் மிகவும் சூடு என்றால் பேரிங் இறுகியிருக்கிறது அல்லது பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. ரயில்வேயில் நிலையத்துக்கு வந்து சேரும் வண்டிகளின் அச்சுப் பெட்டிகளைத் தொடாமல் அளக்கும் வெப்பமானியால் பார்ப்பது வழக்கம். கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானி இதற்கு உதவாது. அது உடல் வெப்பத்தை மட்டுமே அளக்கும். தொழிற்சாலை வகை தனி.

ஒரு நிகழ்ச்சி

எங்கள் கட்டடத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர், ஊருக்குப் புறப்படப் பத்து நாள் இருக்கும்போது வந்தார். பழைய ஜீப். 50 கி.மீ. வேகத்தில் முன்பக்கம் ஊளையிடுகிறது.

"சார், முன்னால கிரவுனத் தொறக்கணும்னு பட்டறையில சொல்லுதாவ. நாப்பதாயிரம் ஆவுமாம். ஊருக்குப் போற நாளும் நெருங்கிட்டு."

"அண்ணாச்சி, தொறக்கறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் வண்டியை எனக்குக் குடுங்க."

ஹப்பைத் திறந்து ஓட்டினோம், பூட்டி ஓட்டினோம். ஓசையில் மாற்றமில்லை. ஆகவே கிரவுன் குற்றவாளியல்ல. வலப்பக்கம் வளைத்தபோது ஓசை கூடியது. எனவே இடது முன் சக்கரம். ஜாக்கியில் ஏற்றினால் 12, 6இல் ஆட்டம், பிரேக் மிதித்தால் இல்லை. ஹப்பைப் பிரித்ததும் பழுப்பு நிறக் கிரீஸுக்குப் பதில் மோர் போல வெளுத்த கிரீஸ் வழிந்தது. உட்பேரிங்கின் கிண்ணத்தில் உருளைகள் நின்ற இடைவெளியிலேயே வரி வரியாகத் துரு. மழைக்காலத்தில் தண்ணீரில் நின்ற வண்டி அது. பேரிங்குகளும் ஆயில் சீலும் மாற்றியதோடு வேலை முடிந்தது. பட்டறைக்காரர் ஏமாற்ற நினைத்தார் என்று சொல்ல மாட்டேன். ஓசை இரும்புச் சட்டத்தில் பரவி வேறிடத்திலிருந்து வருவது போலக் கேட்கும். சோதனை செய்யாமல் காதை மட்டும் நம்பினால் யாருக்கும் இது நேரும்.

பிரித்த பேரிங் சொல்லும் கதை

மாற்றிய பேரிங்கைத் தூக்கி எறியாமல் மண்ணெண்ணெயில் கழுவிப் பாருங்கள்.

செதில் செதிலாக உரிந்த குழிகள் இருந்தால் வயதாகிவிட்டது அல்லது பாரம் மிஞ்சிவிட்டது. நீலம் பாரித்திருந்தால் கிரீஸ் இல்லாமல் அல்லது அதிகம் இறுக்கியதால் வெந்திருக்கிறது. உருளைகளின் இடைவெளியில் துருக் கோடுகள் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சம இடைவெளியில் பள்ளங்கள் இருந்தால் பொருத்தும்போது சுத்தியலால் அடித்திருக்கிறார்கள் அல்லது பெரும் பள்ளத்தில் விழுந்திருக்கிறது. வண்டியில் வெல்டிங் செய்யும்போது எர்த் கம்பியைத் தவறான இடத்தில் கொடுத்தால் மின்சாரம் பேரிங் வழியே பாய்ந்து பொறிக்காயம் உண்டாக்கும். மின்சார ரயிலில் இதைத் தவிர்க்கவே மின்னோட்டம் அச்சுக்கு நேரே போகும்படி தனிப் பிரஷ் வைத்திருக்கிறார்கள். வெல்டிங் செய்யும் இடத்துக்கு அருகிலேயே எர்த் கொடுக்கச் சொல்லுங்கள்.

புதிய கூம்புருளைப் பேரிங் போடும்போது அதன் கிண்ணத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய கிண்ணத்தில் புது உருளை நிலைக்காது. கிரீஸை உள்ளங்கையில் வைத்து உருளைகளின் இடையே மறுபக்கம் பிதுங்கும் வரை அழுத்தி நிரப்ப வேண்டும். மேலே பூசினால் போதாது. பிறகு சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை முறுக்கி, சுழற்சி கனக்கும்போது நிறுத்தி, சிறிது தளர்த்த வேண்டும். பழைய வில்லிஸ் வகைக்கு ஏறத்தாழ ஆறில் ஒரு சுற்று. உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே இறுதி. பூட்டு வாஷரை மடக்கி, வெளி நட்டைப் போட்ட பின் மீண்டும் ஒருமுறை அசைத்துப் பார்க்க வேண்டும். புதிய வண்டிகள் பலவற்றில் பேரிங்கும் ஹப்பும் ஒரே கட்டாக மூடி வருகின்றன. அவற்றில் சரிசெய்ய ஏதுமில்லை, கட்டாகத்தான் மாற்ற வேண்டும்.

வாங்கும்போது பெட்டியின் அழகைப் பார்க்காதீர்கள். குர்லா பக்கத்துப் பழைய சாமான் கடைகளில் பல நல்ல பாகங்கள் கிடைக்கும். ஆனால் பேரிங், ஆயில் சீல், டை ராட் எண்டு இம்மூன்றையும் பழையதாக வாங்கக் கூடாது. பில் தரும் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் புதிதாகவே வாங்குங்கள்.

மழையும் பாரமும்

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை கொட்டியதை மும்பைவாசிகள் மறக்க முடியாது. அவ்வளவு பெய்ய வேண்டியதில்லை. முழங்கால் தண்ணீரே போதும். ஓடிச் சூடேறிய ஹப் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே உள்ள காற்று சுருங்கி, சீலின் ஓரமாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே ஹப் மூழ்கும் தண்ணீரில் ஓட்டிய வண்டிக்கு மழைக்காலம் முடிந்ததும் கிரீஸ் பார்த்தாக வேண்டும். ஓசை வரும் வரை காத்திருந்தால் துரு தன் வேலையை முடித்திருக்கும்.

பாரமும் அப்படியே. மயிலிறகே ஆனாலும் மிகுதியாக ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் சொல்லியிருக்கிறார். ஊருக்குப் போகும்போது நாம் ஏற்றுவது மயிலிறகு அல்ல. பிள்ளைகள் ஆசைப்படும் பெரிய டயர்களும், சக்கரத்தை வெளியே தள்ளும் ஸ்பேசர்களும் இதே வகைதான். இரு பேரிங்குகளுக்கும் நடுவே விழ வேண்டிய பாரம் வெளியே நகர்ந்து வெளிப்பேரிங்கை நெம்புகிறது. அழகுக்குக் கொடுக்கும் விலை பேரிங்கின் ஆயுள்.

பயிற்சிக் கேள்விகள்

இளைஞர்கள் விடையை மறைத்துக்கொண்டு முயலலாம்.

1. 80 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் உதறுகிறது. 95இல் இல்லை. 12, 6இல் ஆட்டமில்லை. எங்கே பார்ப்பீர்கள்? (விடை: ரிம்மில் சேறு, பிறகு வீல் பேலன்சிங்.)

2. ஊளை கேட்கிறது. ஆக்சிலேட்டரை விட்டால் சுருதி மாறுகிறது. ஹப்பைத் திறந்தால் மறைகிறது. யார் குற்றவாளி? (விடை: முன் டிஃபரன்ஷியல் அல்லது முன் புரொபெல்லர் ஷாஃப்ட். வீல் பேரிங் அல்ல.)

3. 12, 6இல் ஆட்டம் உண்டு. பிரேக் மிதித்தாலும் மறையவில்லை. வீல் பேரிங் நட்டை முறுக்கலாமா? (விடை: கூடாது. கோளாறு கிங் பின்னில். நல்ல பேரிங்கை இறுக்கினால் அது வெந்துவிடும்.)

ஊருக்குப் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே இந்தச் சோதனைகளைச் செய்துவிடுங்கள். முந்தின நாள் இரவு கண்டுபிடித்தால் அவசரத்தில் "போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று புறப்பட மனம் துணியும். ஒரு வாரம் இருந்தால் பேரிங் வாங்கலாம், நிதானமாக மாற்றலாம், நூறு கிலோமீட்டர் ஓட்டிச் சரிபார்க்கலாம். ஜாக்கி, ஸ்டாண்டு, முட்டுக்கட்டை, நோட்டுப் புத்தகம் இருந்தால் போதும். வீட்டுப் பிள்ளைகளையும் கூட நிறுத்திக்கொள்ளுங்கள். பிரேக்கை மிதிக்க ஓர் ஆள் எப்படியும் வேண்டும்.